தவறணையில் நிறுத்திவைத்த மணிக்கூடு

டென்மார்க்கில், சில்க்போர்க் நகரத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்காக வழியோரத் தவறணை ஒன்றில் காத்திருக்கிறேன். மே மாத மாலை. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம், ஆனாலும் சன்னலெங்கும் மெழுகுதிரி எரிகிறது. சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பழைய மணிக்கூடு, ஊசல் அசையாமல் நிற்கிறது. ஓடாத மணிக்கூடு இருக்கிற இடம் உருப்படாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். கை சும்மா இருக்குமா? கண்ணாடிக் கதவைத் திறந்து ஊசலை மெல்லத் தள்ளிவிடுகிறேன்.

அது டிக் என்றதும் தவறணையே கத்துகிறது. பியர் கிளாசோடு ஒரு கிழவர் ஓடிவந்து ஊசலைப் பிடித்து நிறுத்துகிறார். சத்தம் கேட்டுக் குசினியிலிருந்து எட்டிப் பார்க்கிறார் சமையல்கார வசந்தி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரி.

"ஐயோ தம்பி, அதை ஏன் தொட்டனீர்? முந்தி இந்த ஊருக்கே மணி பார்க்க இதுதான். ஜெர்மன்காரன் இந்த நாட்டைப் பிடிச்சு வைச்சிருக்கேக்க ஊரடங்கு. இது எட்டடிச்சால் எல்லாரும் வீட்டை ஓடவேணும். சண்டை முடிஞ்சுதெண்டு ரேடியோவில சொன்ன இரவு, இதை நிப்பாட்டிப்போட்டு விடிய விடிய இருந்து குடிச்சவை. அதுதான் வருசாவருசம் இண்டைக்கு நிப்பாட்டுறது, சன்னலில மெழுகுதிரியும் அதுக்குத்தான். இது நிக்குமட்டும் ஒருத்தரும் எழும்பிப் போகேலாது."

"எனக்கு பஸ் இருக்கே, அக்கா?"

அக்கா அதை டேனிஷில் சொல்ல, எல்லாரும் சிரிக்கிறார்கள். கிழவர் என் கையில் ஒரு கிளாசைத் திணித்துப் பக்கத்தில் இருத்துகிறார்.

மெழுகுதிரிகளுக்கு அப்பால் என் பஸ் போகிறது. தவறணை முழுவதும் அதற்குக் கையசைக்கிறது. நானும் அசைக்கிறேன்.