என் பெயரில் வந்த அன்புக் கடிதம்

செடி வியாபாரத்தில் செடிக்கு விலை கிடையாது. செத்துப்போனால் யார் பொறுப்பு என்பதற்குத்தான் விலை.

குன்னூரில் நர்சரி வைத்து இருபத்திரண்டு வருஷமாகிறது. அதற்கு முன்னால் ஒரு பங்களாத் தோட்டத்தில் சாணி சுமந்தேன். படிப்பு எட்டாவது வரைக்கும்தான். மீதியை லாரிக்காரர்களும் விதை ஏஜெண்டுகளும் என்னை ஏமாற்றி ஏமாற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். மற்றவர்கள் வேறு அளவு சொல்வார்கள்.

செடி வாங்கிப் போனவர்கள் சந்தேகம் கேட்டுக் கேட்டே போனை உருக்கியதால், எல்லாருக்கும் சேர்த்து ஒரு மெயில் குரூப் ஆரம்பித்தேன். மலை முழுக்க ஆட்கள் சேர்ந்தார்கள். கேட்பார்கள், திட்டுவேன், செடி பிழைக்கும். ஆன்லைனில் கடை விரித்து அவதிப்படுகிற உங்களுக்கெல்லாம் இது புதுசாக இருக்காது. எனக்குப் புதுசாக வந்தது, என் பெயரில் நானே எழுதாத ஒரு கடிதம்.

உடம்புக்கு என்ன?

மே மாத மலர்க் கண்காட்சிக்கு எல்லாரும் தொட்டி தயார் பண்ணுகிற நேரம். காலையில் லவ்டேலிலிருந்து சாமுவேல் சார் கூப்பிட்டார். ரிட்டையர்டு தமிழ் வாத்தியார். குரூப்பில் நான் கொஞ்சமாவது மரியாதை கொடுக்கிற ஒரே ஆள். நான் அனுப்பிய கடிதம் கிடைத்தது என்றார். நான் எதையும் அனுப்பவில்லை என்றேன். படித்துக் காட்டினார்.

"அன்புள்ள உறுப்பினர்களே" என்று ஆரம்பம். என் சொற்களால் யார் மனமாவது புண்பட்டிருந்தால் மன்னிக்க வேண்டுமாம். குரூப்பைப் புதுப்பிக்கிறோமாம். கீழே தொட்டால் ஒரு பக்கம் திறக்கும், அதில் மெயில் பாஸ்வேர்டைக் கொடுத்தவர்களுக்கு டாலியாக் கிழங்கு ஒன்று இலவசமாம். பெயர் ஸ்டெல்லா என்று என் பெயர்தான். ஆனால் பெயரைத் தொட்டுப் பார்த்தால் உள்ளே வேறு யாரோ ஒருத்தரின் மெயில் முகவரி. குரூப்பில் நடப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்து போட்டிருந்தது நான்தான். திருடன் என் செடிகளையும் பார்த்திருக்கிறான், சண்டைகளையும் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் என்று முடிவு பண்ணியிருக்கிறான்.

சாமுவேல் சார் எதையும் தொடவில்லை. கடிதம் பொய்யாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதால் அல்ல. அவர் கவலை வேறு: "இவ்வளவு அன்பா எழுதியிருக்கியேம்மா, ஆஸ்பத்திரியில கீஸ்பத்திரியில எதாவது சொல்லிட்டாங்களா?"

நாலுக்கு ரெண்டு

நடுவட்டத்தில் மாரிமுத்து என்று ஒருவர். ரோட்டோரம் டீக்கடை, பக்கத்தில் நாலு வரிசை நாற்றுப் பை. என்னிடம் வாங்கித்தான் விற்பார். அவரும் நானும் பேரம் பேச உட்கார்ந்தால் கூடலூர் பஸ் ரெண்டு போய்விடும்.

கடிதத்தைப் பார்த்ததும் மாரிமுத்து பாஸ்வேர்டைக் கொடுத்துவிடவில்லை. ஒரு கிழங்கு போதாது, நாலு வேண்டும், பஸ்ஸில் ஏற்றிவிடுகிற கூலியும் உங்களோடது என்று பதில் போட்டிருக்கிறார். திருடன் முதலில் ஒன்றுதான் என்றிருக்கிறான். பிறகு ரெண்டு என்றிருக்கிறான். சரி, ஆனால் கிழங்கு கைக்கு வந்த பிறகுதான் பாஸ்வேர்டு என்று மாரிமுத்து நின்றிருக்கிறார். ரெண்டு நாள் இழுத்துப் பார்த்துவிட்டு அவன் தலைமறைவாகிவிட்டான். எத்தனை ஊரை ஏமாற்றியவனோ, பாவம், நடுவட்டத்தில் வந்து மாட்டினான். ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வந்த நான் அவருக்குப் போன் பண்ணினால், எடுத்தவுடன் மாரிமுத்து என்மேல் பாய்கிறார்: "ஏனுங்க்கா, பேசிட்டிருக்கறப்பவே பாதியில எந்திரிச்சுப் போறீங்களே, இதெல்லாம் ஒரு யாவாரமுங்களா?"

ஒருத்தர் கொடுத்துவிட்டார்

சிரித்துக்கொண்டே இருந்திருப்பேன். மூன்றாம் நாள் நெல்லியாளத்திலிருந்து செல்வராணி கூப்பிட்டாள். எஸ்டேட் ஆபீசில் கிளார்க். பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டாள். அவள் மெயில் அவளுக்கே திறக்கவில்லை. திருடன் உள்ளே உட்கார்ந்துகொண்டு, அவள் பெயரிலும் எல்லாருக்கும் எழுத ஆரம்பித்துவிட்டான்: ஸ்டெல்லா அக்கா சொன்னபடி நானும் செய்துவிட்டேன், நீங்களும் செய்யுங்கள் என்று.

ஆட்கள் குரூப்பை விட்டுக் கழன்றார்கள். ஒரே நாளில் பதினொரு பேர். செடிக்காரி மெயில் என்றாலே தொடாதே என்று பேச்சு. எனக்கு இருக்கிற ஒரே முதல், ஸ்டெல்லா சொன்னால் சரியாக இருக்கும் என்கிற பேச்சுதான். அதற்கே வேட்டு.

செல்வராணி மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படித்தவள், ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள், எந்தப் புத்தியில் கொடுத்தாய் என்று கேட்டேன். அதற்குப் பத்து நாள் முன்னால் அவள் பிகோனியா அழுகியதற்கு, நீ பிளாஸ்டிக் பூ வாங்கி வைத்துக்கொள் என்று குரூப்பிலேயே எழுதியிருந்தேன். எனக்கு அது மறந்தே போய்விட்டது. அவளுக்கு மறக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "நீங்க எனக்காகத்தான் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேங்க்கா, அந்தச் சந்தோசத்துல குடுத்துட்டேன்."

நல்ல தமிழ்

போலீசில் ஆன்லைன் புகார் கொடுத்தோம். செல்வராணியின் போன் நம்பர் மெயிலோடு சேர்ந்திருந்ததால் ரெண்டு நாளில் அவள் மெயிலை மீட்டுவிட்டோம். இனி குரூப்புக்கு ஓர் எச்சரிக்கை போட வேண்டும். இது முக்கியமான விஷயம், உன் பாணியில் வேண்டாம், நான் எழுதித் தருகிறேன் என்றார் சாமுவேல் சார். எழுதினார். தயவுசெய்து, கனிவுடன், தங்கள் மேலான ஒத்துழைப்பு. அப்படியே அனுப்பினேன்.

ஒருத்தர்கூட நம்பவில்லை. திருடனின் ரெண்டாவது கடிதம் என்று நினைத்து இன்னும் ஏழு பேர் விலகினார்கள். பொய்க் கடிதத்துக்கு நலம் விசாரித்தவர்கள், நிஜக் கடிதத்தைக் குப்பையில் போட்டார்கள். மாரிமுத்து மட்டும் பதில் அனுப்பினார், என் முகவரிக்கே: "டேய் களவாணி, எங்கக்கா பொறந்ததுல இருந்து தயவுசெய்துன்னு ஒருத்தருக்கும் எழுதுனதில்லைடா."

என் தமிழ்

அன்றைக்கு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நானே உட்கார்ந்து தட்டினேன். ஒவ்வொருத்தர் பெயராகப் போட்டுத் திட்டினேன். ஹைட்ரேஞ்சாவை மொட்டை வெயிலில் வைத்துக் கொன்ற சாமுவேல் சார். என் ஜெரேனியத்தைப் பெங்களூர்ச் சரக்கு என்று விற்கிற மாரிமுத்து. வாங்கிப் போன ரோஜாவை மூன்று மாதம் பையோடு வைத்திருந்துவிட்டுப் பூக்கவில்லை என்று வந்து நின்ற ஆள். கடைசி வரி: பாஸ்வேர்டு கேட்டு நான் எழுத மாட்டேன், எவன் கேட்டாலும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் என் நர்சரிப் படி ஏறாதீர்கள்.

கழன்றவர்களுக்கும் சேர்த்தே அனுப்பினேன். போனவர்கள் அத்தனை பேரும் சாயங்காலத்துக்குள் திரும்பிவிட்டார்கள். சாமுவேல் சார் ஒரே வரி எழுதினார்: "ஹைட்ரேஞ்சா செத்தது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம், ஆகவே நீயேதான், ஆனால் அதை ஊருக்குச் சொல்லியிருக்க வேண்டாம்."

விட்டுப்போன பெயர்

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் செல்வராணி ஆபீசிலிருந்து கூப்பிட்டாள். நாற்பது பேரைத் திட்டியிருக்கிறேன், அவளை மட்டும் காணோம். தன்னைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டேனா என்று கேட்டாள். குரல் சரியில்லை.

எடுக்கவில்லை. அவள் பெயர் வந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை, அவ்வளவுதான். அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. விதை ஏஜெண்டிடம் ஒரு மணி நேரம் பேசுகிற நான், போனைப் பிடித்துக்கொண்டு மேஜைமேல் கிடந்த விதைப் பாக்கெட்டுகளை அடுக்கினேன். கடைசியில், அந்தத் திருடன் எழுதியதில் மன்னிப்பு என்கிற வரி மட்டும் நான் எழுதியதாக வைத்துக்கொள் என்றேன். மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்: "சரிங்க்கா, மன்னிப்ப வச்சுக்கறேன், ஆனா இனிமே நீங்களே நேர்ல வந்து கேட்டாலும் பாஸ்வேர்டு தர மாட்டேன்."

இந்த வயதிலாவது நாலு பேரிடம் இதமாகப் பேசிப் பழகலாம் என்று பார்த்தால், இனி நான் அன்பாக ஒரு வரி எழுதினாலும் நாற்பது பேர் போலீசுக்குப் போய்விடுவார்கள்.