பதினாறாவது வாரம் மண்டியிட வேண்டும்

கலேர்வே சந்தையில் வாழைத்தார் லாரி வந்து நின்றால், அதன் மேல் முதலில் ஏறுகிற ஆள் நம்போஸேதான். நாற்பத்து மூன்று வயது. நல்ல தார்களை மேலேயே தட்டிப் பார்த்துப் பிரித்துவிட வேண்டும், கீழே நின்றால் மிச்சம்தான் கிடைக்கும் என்பாள். மார்ச் மாதம் மழை பெய்த ஒரு காலையில், வேலை முடிந்து வழக்கம்போல மேலிருந்து குதித்தாள். கால் விழுந்த இடத்தில் வழுவழுவென்று ஒரு தார்க்காம்பு கிடந்தது. வலது பாதம் மடங்கியது. ஒடிந்த சத்தம் பக்கத்துத் தக்காளிக்கடை வரை கேட்டது.

“எழுந்திரு அக்கா, நடிக்காத. உன் தாரையெல்லாம் நாங்க எடுத்துட்டுப் போயிடுவோம்” என்றான் சுமை தூக்குகிற ஒருவன்.

“எடுத்துப் பாரு. ஒத்தக் கால்லயே வந்து உதைப்பேன்” என்றாள். பிறகுதான் அவள் பாதம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை எல்லோரும் கவனித்தார்கள்.

கணுக்காலின் இரண்டு பக்கமும் உடைந்திருந்தது. வீக்கம் வடியாமல் கத்தி வைக்க முடியாது என்று, போர்வை அடுக்கின் மேல் காலைத் தூக்கி வைத்து ஆறு நாள் படுக்கப் போட்டார்கள். அறுவை மருத்துவர் வந்ததும் அவள் கேட்ட கேள்வி, எப்போது நடப்பேன் என்பதல்ல.

“டாக்டர், பதினாறு வாரத்துல மண்டியிட முடியுமா?”

மருத்துவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவரும் இந்த ஊர்ப் பெண்தான். “யாருக்குக் குவாஞ்சுலா?”

“அண்ணன் மக டோரீனுக்கு. நான்தான் ஒரே அத்தை.”

மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வந்து முறைப்படி தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் நாள் அது. கூடி உட்கார்ந்திருக்கும் ஆண்கள் நடுவே போய், மாப்பிள்ளை முன் மண்டியிட்டு, இவன்தான் என்று அடையாளம் காட்டிப் பூ குத்த வேண்டியவள் பெண்ணின் அத்தை. பையன் முதன்முதலில் வந்து நின்றதும் அவளிடம்தான். மூன்று முறை அலையவிட்டு, துருவித் துருவிக் கேட்டு, சரி என்று சொன்னவள் அவள். அந்தச் சொல்லை ஊர் முன்னால் முடித்துவைக்க இன்னொருத்தி போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இன்னொருத்தி தயாராகவும் இருந்தாள். ஒன்றுவிட்ட தங்கை பெர்னா.

“நடக்க வைக்கிறது என் வேலை” என்றார் மருத்துவர். “மண்டியிடறத உன் கால்தான் சொல்லணும்.”

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் துளை போடும் கருவி ஓடியது. யாரோ பக்கத்து வீட்டில் ஜன்னல் மாட்டுவதைப்போல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளிப்பக்க எலும்பில் ஒரு தகடும் ஆறு திருகுகளும், உட்பக்கம் இரண்டு திருகுகள். ஆறு வாரம் கால் தரையில் படக்கூடாது என்று சொல்லி, பாதி மாவுக்கட்டும் ஊன்றுகோலும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அறுவை முடிந்த பன்னிரண்டாம் நாள் குலத்தின் மூத்தவர், அவளுக்குப் பெரியப்பா முறை, நலம் விசாரிக்க வந்தார். பெரியவர்களைப் பெண்கள் மண்டியிட்டுத்தான் வரவேற்பார்கள். வாசலில் அவர் நிழல் விழுந்ததுமே நம்போஸே நாற்காலியிலிருந்து இறங்கி மண்டியிட்டுவிட்டாள்.

“வேண்டாம் மகளே, முடியாதவ நீ!” என்றார் அவர். அதற்குள் முழங்கால்கள் தரையில் இருந்தன. அவர் வீட்டைப் பற்றிக் கேட்டார், வேலையைப் பற்றிக் கேட்டார், மழையைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி முடியும்வரை அப்படியே இருந்தாள். எழுந்திருக்கும்போது வலது கால் விரல்கள் தரையை உந்தின.

மறுநாள் கட்டு ஈரமாக இருந்தது. அதற்கும் மறுநாள் நாற்றம்.

“கால ஊனக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?” மருத்துவர் கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

“ஊனல டாக்டர். முழங்கால்தான தரையில இருந்துச்சு.”

“எழுந்திரிச்சது எப்படி? றெக்கையாலயா?”

செவிலி, நோயாளிகளுக்குக் கொடுக்கும் அச்சுத்தாளை எடுத்துப் படித்தாள். நடக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. மண்டியிடுவதைப் பற்றி ஒரு வரி இல்லை. “இத எழுதினது ஆம்பளையாத்தான் இருக்கணும்” என்றாள்.

மூன்று தையல் விட்டிருந்தது. சீழ் தகடு வரை போயிருந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். போகவில்லை. மறுபடி அறுவை அறை, கழுவல், பத்து நாள் மருந்து. ஆறு வாரம் ஒன்பது வாரமானது.

அண்ணன் கசூலே தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு கட்டிலருகே நின்றார். “பெர்னாவே செய்யட்டுமே.”

பெர்னா கூடவே வந்திருந்தாள். “விழாவுக்கு உடுத்தற கோமேசிக்குத் துணிகூட எடுத்துட்டேன். நீ எதையும் யோசிக்காமப் படுத்துக்க.”

“நல்ல துணி” என்றாள் நம்போஸே. “உன் சொந்த அண்ணன் மகளுக்குக் கட்டிக்க. சாயம் போகாம வச்சுக்க.”

டோரீன்தான் சமாதானமாகப் பேசினாள். “அத்தை, நீ நாற்காலியில உக்காந்தே செய். யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க.”

“சொல்ல மாட்டாங்க. பாத்துட்டே இருப்பாங்க.”

ஒன்பதாவது வாரம் இயன்முறைப் பயிற்சியாளர் அட்ரிகோவிடம் அனுப்பினார்கள். வடக்கே அருவா என்ற ஊரைச் சேர்ந்தவர், நெடிய ஆள், பேச்சு குறைவு.

“எப்படி மண்டியிடுவ? காட்டு.”

“இப்பவா?”

“கட்டில் மேல.”

பாதம் மரக்கட்டையாக இருந்தது. குதிகால் இறங்கவில்லை, மேற்பாதம் நீளவில்லை. அட்ரிகோ தரையில் ஐந்து மெத்தைத் துண்டுகளை அடுக்கி, மண்டியிட்டால் கணுக்கால் மடங்கும் இடத்தில் ஒரு துணிச் சுருளையும் வைத்தார். அடுக்கிலிருந்து அவளாக எதையும் எடுக்கக் கூடாது, அவர்தான் எடுப்பார் என்பது ஒப்பந்தம். முதல் வாரம் ஒன்றுகூட எடுக்கவில்லை.

“வலிக்குதா?”

“இல்ல.”

“இந்த அறையில பொய் சொல்றவங்களுக்கு மேலுதட்டுல வேர்க்கும்.”

அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி இறங்கினாள். எழுவதைத் தனியாகக் கற்றுக்கொண்டாள்: இடது பாதத்தை முன்னால் கொண்டுவந்து முழுசாகப் பதித்து, கைகளைத் தொடையில் ஊன்றி, இடது காலாலேயே எழ வேண்டும். வலது சும்மா பின்னால் வரும். சந்தையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, லாரி மேல் ஏறியவர்களைக் கீழிருந்து திட்டினாள். நேரம் கிடைத்தபோதெல்லாம் கடைக்குப் பின்னால் சாக்குகளின் மேல் இறங்கி எழுந்தாள். பதினைந்தாவது வாரம் அட்ரிகோ கடைசி மெத்தையையும் இழுத்துப் போட்டார். வெறும் சிமெண்ட் தரை. இறங்கினாள். எழுந்தாள். இரண்டாம் முறை தடுமாறினாள்.

“புல்தரையில எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது” என்றார் அவர், ஒளிக்காமல்.

ஜூலை சனிக்கிழமை. இரண்டு பந்தல்கள், நடுவே முப்பது தப்படி தூரத்துக்குப் புல்வெளி. ஊன்றுகோலை விட்டுவிட்டு நடந்தாள். வெள்ளை அங்கியும் கோட்டும் அணிந்து ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்த இருபது பேரில் அவனைக் கண்டுபிடித்தாள். இறங்கினாள். கணுக்கால் முறுக்கியது, தாங்கியது. பூவைக் குத்தினாள். குலவை எழுந்தது.

எழுவதற்கு இடது பாதத்தை நகர்த்தினாள். வரவில்லை. தரைவரை தொங்கும் கோமேசியின் விளிம்பு முழங்காலுக்கு அடியில் மாட்டியிருந்தது. வலதை உந்தினால் எழுந்துவிடலாம். அவள் உந்தவில்லை.

பந்தலில் சிரிப்பு பரவியது. அத்தைகள் இப்படித்தான் எழாமல் அடம்பிடித்து இன்னும் ஏதாவது கேட்பார்கள். “அத்தைக்கு மனசு நிறையல போல!” என்று மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர் கூவினார். “கூடையக் கொண்டாங்கப்பா!”

எதிர்ப்பந்தலில் கசூலே பாதி எழுந்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்தார்.

சர்க்கரையும் சோப்பும் அடுக்கிய கூடை வந்தது. நிதானமாக ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். “இதுக்கா இவ்வளவு சத்தம் போட்டீங்க?” என்றாள். பந்தல் வெடித்தது. இரண்டாவது கூடைக்கு ஆள் ஓடினான். அந்த இடைவெளியில் துணியை மெல்ல இழுத்து விடுவித்தாள். இடது பாதத்தை முன்னால் பதித்தாள், கைகளைத் தொடையில் ஊன்றினாள்.

எழுந்தாள். வலது பின்னால் வந்தது.

“உக்காருங்க அத்தை, நாற்காலி இருக்கு” என்று மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னான்.

“என் நாற்காலி அந்தப் பக்கம் இருக்கு” என்றாள். இன்னும் முப்பது தப்படி இருந்தது. திரும்பி நடந்தாள்.