பதினோராவது முளை

செங்கல்வராயன் எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் முதலில் எடை பார்ப்பான். கனமாக இருந்தால்தான் அவனுக்கு நம்பிக்கை வரும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. சொந்த ஊர் பள்ளிப்பட்டுக்கு அருகே, முருகன் கோயில் பாறைக்கு அடியில். வழுவழுவென்ற அந்தப் பாறையில் ஏறுகிறவர்கள் வருஷம் தவறாமல் விழுந்து கைகாலை முறித்துக்கொண்டதால், பாறையில் முளை அடித்துச் சங்கிலி கட்டும் வேலையை 1968-இல் ஊரார் அவனிடம் ஒப்படைத்தார்கள்.

பட்டறையில் ஸ்டோர் பார்த்த மோசஸ், மிச்சம் கிடந்த எவர்சில்வர் கம்பிகளை எடுத்துப் போகச் சொன்னார். செங்கல்வராயன் சிரித்துவிட்டான். டம்ளர் செய்கிற சாமான் ஆளைத் தாங்குமா என்று கேட்டுவிட்டு, கட்டைவிரல் தடிமனில் பதினோரு இரும்புக் கம்பிகளைப் பொறுக்கி எடுத்தான்.

"உப்பு பட்ற எடத்துல இரும்பு வெளிய தெம்பா நின்னுகினு இருக்கும், உள்ள செத்துப் பூடும்," என்றார் மோசஸ்.

"பழவேற்காட்டுக் கடலோரத்துலயா அடிக்கப் போறேன்? எங்க மலைக்கு உப்பு எங்கேந்து வரும்?"

வாய்க்கொழுப்புதான். ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. முளைகளை ஆழமாக இறக்கி, ஈயம் காய்ச்சி ஊற்றினான். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் தன் கையாலேயே கறுப்பு பெயின்ட் அடித்தான். மனைவி கனகாம்பாளுக்கு அதில் சொல்ல முடியாத பெருமை. வெல்டிங் வெளிச்சத்தில் எரிந்துபோன அவன் கண்ணுக்குப் பார்வை நல்லபடியாகத் திரும்பியதிலிருந்து, அவள் ஒவ்வொரு கிருத்திகைக்கும் ஏறி, உச்சியில் இருந்த வேலின் அடியில் உப்பும் மிளகும் கொட்டிக் கும்பிட்டு வருவாள். ஊரே அப்படித்தான் கொட்டியது.

1976 ஆடியில், கும்பிட்டுவிட்டு இறங்கும்போது அவள் விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மறுநாள் காலை அவன் மட்டும் மேலே போனான். வேலுக்கு நேர் கீழே இருந்த பதினோராவது முளை முறிந்திருந்தது. வெளியே தெரிந்த பாகம் பெயின்டோடு கட்டைவிரல் தடிமனில் அப்படியே இருந்தது. குழிக்குள் இருந்த பாகம் முருங்கைக்காய்க் காம்பு அளவுக்கு மெலிந்து செதில் செதிலாக உதிர்ந்தது. மேலே கொட்டிய உப்பு எட்டு வருஷ மழையில் கரைந்து அந்தக் குழியில்தான் இறங்கியிருக்கிறது. உப்பு எங்கிருந்து வரும் என்று கேட்டவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கனகாம்பாள் தன் கைதான் வழுக்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் போனபிறகு அவனைக் கிட்டத்தில் கூப்பிட்டாள்.

"முளை ஒடிஞ்சிச்சின்னு யார்கிட்டயும் சொல்லிடாத. உன் வேலைய ஒருத்தரும் கொற சொல்லக் கூடாது."

உப்பைப் பற்றி அவன் அவளிடம் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்ததும் மோசஸிடம் கேட்டு எவர்சில்வர் கம்பிகள் வாங்கி வந்து, பழைய முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தான். உப்புக் கொட்டுவதற்கு மலையடியில் தனியாக ஒரு தொட்டி கட்டினான். அவள் கை வழுக்கி விழுந்ததற்கு நல்ல முளைகளை எதற்குப் பிடுங்க வேண்டும் என்று ஊரார் கேட்டார்கள். உப்பு அரித்து முறிந்த கம்பியை அவன் அவர்கள் முன்னால் போட்டான். எடுத்துப் பார்த்த ஒரு பெரியவர், அப்படியானால் அவள் கொட்டிய உப்பே அவளுக்கு எமனாகிவிட்டதே என்றார்.

"அவ சாமிக்குத்தான் கொட்னா," என்றான் செங்கல்வராயன். "இரும்பை எடுத்தவன் நான்."