அருள்ராஜ் படித்துப் பார்த்த டிஸ்க்

செவ்வாய்க்கிழமை காலை, பால் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது அருள்ராஜின் மனைவி ஸ்டெல்லா போன் செய்தார். "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே. காப்பி கேட்டாரு, போட்டுக்கினு வர்றதுக்குள்ள..." எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எதையும் இரண்டு முறை பார்க்காமல் விடாத மனிதருக்கு இதில் மட்டும் என்ன அவசரம்?

அருள்ராஜை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவடியில் ஒரே தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தோம். நான் லேத்தில், அவர் இன்ஸ்பெக்‌ஷனில். நான் கடைந்ததை அளந்து பாஸ் போடுவது அவர் வேலை. சேர்ந்த புதிதில், "நானே அளந்து பார்த்துட்டேன், சரியாத்தான் இருக்கு" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "செஞ்சவனே பாஸ் போட்டுக்கலாம்னா நா இன்னாத்துக்குக் கீறேன்?" என்று கேட்டு, தம்முடைய கருவியில் அளந்து, மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அதன்பிறகு அவர் இல்லாமல் டீ குடித்ததில்லை.

ஓய்வுபெற்ற பிறகு எங்களுக்கு ஒரு சோதனை வந்தது. என் தங்கை வசந்தாவின் கணவர் குமார் ஆட்டோ ஓட்டுபவர். பூந்தமல்லி சாலையில் ஒருவரை இடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போனதாக அவரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் அவருடைய ஆட்டோ கோவில்பதாகையில் என் வீட்டு வாசலில் நின்றது. என் வீட்டுக் கேமராவில் அது பதிவாகியும் இருந்தது. திங்கட்கிழமை ஜாமீன் மனு விசாரணை. "பென் டிரைவ் வேண்டாம், டிஸ்க்குல போட்டுக் குடுங்க" என்றார் வக்கீல், சனிக்கிழமை மதியம்.

என் கம்ப்யூட்டரில் டிஸ்க் போடும் வாயே கிடையாது. அருள்ராஜைக் கூட்டிக்கொண்டு அம்பத்தூருக்கு ஓடினேன். கடைக்காரர் இரண்டு டிவிடி ரைட்டர்களைத் தூசி தட்டி வைத்தார். ஒன்று மெலிதாக, பளபளவென்று இருந்தது. இன்னொன்று தடியாக, தனி கரண்ட் ஒயரோடு இருந்தது. நான் மெலிந்ததை எடுத்துவிட்டேன்.

"இரு மச்சான். அட்டைப்பெட்டிய பாத்துப் பாஸ் போடுவியா?" என்றவர், பையிலிருந்து கீறல் விழுந்த பழைய டிஸ்க் ஒன்றை எடுத்து இரண்டிலும் போட்டுப் பார்த்தார். மெலிந்தது நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. "கரண்ட் பத்தல. எழுதிக்கினு கீறசொல்ல நின்னுச்சுனா டிஸ்க் கோவிந்தா." தடியனை வாங்கினோம். வெற்று டிஸ்க் கடையில் இரண்டே இரண்டுதான் இருந்தது.

ஞாயிறு காலை அவர் வருவதற்குள் நானே ஒன்றை எழுதி முடித்தேன். என் மெஷினில் அருமையாக ஓடியது. வசந்தாவைக் கூப்பிட்டுக் காட்டி மார்தட்டிக்கொண்டேன். வந்தவர், "எழுதுன டிரைவே படிச்சா அது சாட்சியா?" என்று என்னையும் டிஸ்க்கையும் ஸ்கூட்டரில் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவருடைய பழைய கம்ப்யூட்டரில் படம் ஓடியது. சரியாக ஆட்டோவின் நம்பர் தெரியவேண்டிய இடத்தில் உறைந்து நின்றது.

"எந்த ஸ்பீடுல எழுதுன?" என்றார். இருப்பதிலேயே வேகமானதில் எழுதியிருந்தேன்.

மீதி ஒரே டிஸ்க். சர்ச்சில் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று ஸ்டெல்லா முக்காட்டோடு வாசலில் நின்றார். "நீ போ. ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு, ஜட்ஜு கோவிச்சுப்பாரு" என்று சொல்லிவிட்டு அருள்ராஜ் என்னோடு என் வீட்டுக்குத் திரும்பினார். இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் வைத்தோம். மௌஸைத் தொட என்னை விடவில்லை. எங்கள் தெருவில் எப்போது கரண்ட் போகும் என்று யாருக்குத் தெரியும்? சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டு வசந்தாவும் சேர்ந்து மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் மறுபடி ஆவடியில் அவர் வீட்டுக்கு ஓடி அவருடைய டிரைவில் போட்டோம். கடைசிவரை நிற்காமல் ஓடியது. அப்போதும் அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் கோர்ட்டில், எங்கோ தேடிக் கொண்டுவந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் செருகினார்கள். அது கரகரத்தது. திரை கறுப்பாகவே இருந்தது. வசந்தாவின் நகம் என் கையில் பதிந்தது. பின்வரிசையில் அருள்ராஜ் கண்ணை மூடி, சட்டைப்பைக்குள் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என் வீட்டு கேட் தெரிந்தது, ஆட்டோ தெரிந்தது, நம்பரும் நேரமும் தெரிந்தன. ஜாமீன் கிடைத்தது, மறுநாள் குமார் வீட்டுக்கு வந்தார். அன்று கோர்ட் படியிறங்கும்போது அருள்ராஜ் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "பாஸ்."

இதை நானே எழுதி, நானே படித்து, நம் ஓய்வுபெற்றோர் மலருக்கு அனுப்பிவிட மனம் வரவில்லை. நேற்று ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "அவரு இப்டித்தாண்ணே பேசுவாரு" என்று திருப்பிக் கொடுத்தார்.

பாஸ் ஆகிவிட்டது, அருள். ஊர் படிப்பதற்காக அவர், இவர் என்று எழுதிவிட்டேன். போய் வா, மச்சான்.