இழுக்க இழுக்கத் தீராத வீடு

எங்கள் ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை இடித்து வருடக்கணக்காகிவிட்டது. ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. மலேசியாவின் ஈப்போ நகரக் கடைகளுக்கு இணையப் பக்கம் செய்து பிழைக்கும் எனக்குப் போன வருடம் ஓர் ஆசை வந்தது. தோட்டத்தையே ஒரு பக்கமாகச் செய்துவிட வேண்டும். பச்சைத் தரை, அதன் குறுக்கே ஒரு சாக்கடை, ஓரத்தில் ஒரு வீடு, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கோயில். இழுத்து வந்து வேண்டிய இடத்தில் வைக்கலாம்.

வீட்டுக்கு ஒரே படம்தான் வரைந்தேன். லயத்தில் அத்தனை வீடுகளும் ஒன்றுபோலத்தானே இருந்தன! எடுக்க எடுக்க அதன் நகல் வரும்படி செய்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, பக்கத்து ஊரான லகாட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மடிக்கணினியோடு போனேன். தோட்டத்தை விட்டு வந்தபோது எனக்கு ஆறு வயது. பன்னிரண்டு வயது மூத்தவளான அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்.

"இது மண்டோர் வீடு, வேல வாங்குவாரே அவரு. இது டிரைவரண்ணே வீடு. அவரு ரேடியோ போட்டா லயம் முழுக்கக் கேக்கும்லா," என்று சொல்லிச் சொல்லி வைத்தாள். எனக்கும் அந்தக் காலை நேரம், கோப்பையில் உறைந்த ஒட்டுப்பாலின் நாற்றத்தோடு சேர்ந்து, ஞாபகம் வந்தது. அந்த நாற்றத்துக்கு இன்றும் ஏங்குகிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

கடைசியாக எங்கள் வீடு. குழாயடிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது, கை நழுவிச் சாக்கடைமேல் விழுந்தது. நகர்த்திப் பார்த்தாள். ஒருமுறை கீழே வைத்த வீடு மறுபடி அசையவில்லை. நகலுக்கு உருவத்தைக் கொடுத்த நான், இழுத்தால் நகரும் கட்டளையை முதல் படத்துக்கு மட்டுமே கொடுத்திருந்தேன்.

"விடுக்கா, படம்தானே," என்றேன். என் வாய்க்கு எப்போதும் அவசரம்.

"ஒனக்குப் படம்லா," என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. எட்டுப் பேருக்கு அந்த ஒற்றை அறை போதாது என்று, பதினைந்து வயதில் அவளைப் ஈப்போ பக்கம் புந்தோங்கில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு சொந்த வீட்டுக்கே விருந்தாளியாக வந்து போனவள். அந்த வீட்டை அவள் கையால் வைக்கச் சொல்லிவிட்டு, அதையும் சாக்கடையில் நிறுத்தியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். கட்டளையை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கொடுக்காமல், தரையிடமே ஒப்படைத்தேன். தொட்டது முதல் படமோ நாற்பதாவது நகலோ, தரை பார்த்துக்கொள்ளும். எத்தனை முறையும் எடுத்து வைக்கலாம். ஆனால் பக்கத்தை மறுபடி திறந்ததில் அவள் வைத்ததெல்லாம் அழிந்துபோனது.

"மறுபடியும் மொதல்லேருந்தா?" என்று முறைத்தாள். ஆனாலும் வந்து உட்கார்ந்தாள்.

இந்த முறை எங்கள் வீட்டைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி நகர்த்தி, குழாயடிக்குப் பக்கத்தில் சரியாக நிறுத்தினாள். பிறகு இன்னொரு வீட்டை இழுத்து வந்து அதை ஒட்டினாற்போல் வைத்தாள். அங்கே வீடு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

"இது யாரு வீடுக்கா?"

"அப்பா தோட்டத்துத் தொரைகிட்ட ரெண்டாவது வீடு கேட்டாருல்ல, குடுக்கலயே. அதான் இது," என்றாள். "இது இருந்திருந்தா நான் போயிருக்க மாட்டேன்லா."