அம்மாவுக்கு ஒரு சார்ட்

எங்கள் அம்மா மூன்றே மாதத்தில் பதினைந்து கிலோ இளைத்தாள். இன்றைக்கும் உடம்பைக் குறைக்க யாராவது வழி கேட்டால் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டைத்தான் கை காட்டுகிறார்கள். எப்படி இளைத்தாள் என்பதை மட்டும் நாசூக்காக விட்டுவிடுவார்கள். அதை நான்தான் சொல்ல வேண்டும். வாராவாரம் எழுதி வைத்தவள் நான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாமக்கல்லில் இருந்து மோகனூர் போகிற வழியில் எங்கள் கோழிப்பண்ணை இருந்தது. மூன்று ஷெட், அவற்றை ஒட்டி வீடு. ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு சார்ட் உண்டு. அன்றன்றைக்குக் கோழிகள் தின்ற தீவனம், குடித்த தண்ணீர், இட்ட முட்டை எல்லாம் அதில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சில கோழிகளைப் பிடித்து எடை போட்டு அதையும் அப்பா எழுதுவார். மூன்று சார்ட்டும் தீவன அறையில், மூட்டை நிறுக்கும் தராசுக்கு மேலே ஆணியில் தொங்கும். என் ரேங்க் கார்டைக்கூட அப்பா அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

அம்மா அப்போது நல்ல பருமன். அதைப் பற்றி அவளுக்குப் பெரிய கவலை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் அந்த நிம்மதி போயிற்று. எதிர் இலையில் உட்கார்ந்திருந்த தூரத்து உறவு அத்தை ஒருத்தி, “ஏனுங்க, பண்ணைத் தீவனத்தைக் கோழிக்குப் போடறீங்களா, இல்ல நீங்களே தின்னுக்கறீங்களா?” என்று கேட்டாள். பந்தி மொத்தமும் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு பாயசத்தைத் தொடவில்லை.

அடுத்த வாரமே சூரமங்கலத்தில் இருந்து சித்தி வந்து இறங்கினாள். அம்மாவின் தங்கை. சித்தப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. சித்திக்கு வேலை, செல்போனில் வருகிற குறிப்புகளை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்வது. காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரும் தேனும். ராத்திரி சோறு கூடாது. வாழைப்பழம் கூடவே கூடாது. மஞ்சக்கரு முழுக்கக் கொழுப்பு, அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். முட்டையால் பிழைக்கிற வீட்டில் வந்து இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று பாருங்கள். அம்மா வெள்ளையை மட்டும் தின்றாள், மஞ்சள் எனக்கும் நாய்க்கும் வந்தது. அந்த மூன்று மாதத்தில் நானும் நாயும் குண்டானோம்.

வேர்வையாக வெளியேறுவதெல்லாம் கொழுப்பு என்பது சித்தியின் அடுத்த கண்டுபிடிப்பு. கோடை வெயிலில் அப்பாவின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அம்மா ஷெட்டைச் சுற்றி நடந்தாள். கோழிகள் அலறிக் கூண்டில் மோதிக்கொண்டன. இப்படியே போனால் முட்டை நின்றுபோகும் என்று அப்பா கத்திய பிறகு நடை பண்ணை கேட் பக்கம் போகிற மண்பாதைக்கு மாறியது. தண்ணீர் குடித்தால் கொழுப்பு கரையும் என்று இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றும் வந்தது. அதை நிரப்பித் தருவது என் பொறுப்பு.

அதில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அப்பாவிடம் காலி சார்ட் ஒன்று கேட்டு வாங்கினேன். ஷெட் என்ற இடத்தில் ‘ஊடு’ என்று எழுதினேன். தீவனம் என்ற கட்டத்தில் இட்லி, சப்பாத்தி. தண்ணீரில் எத்தனை பாட்டில் என்று. முட்டைக் கட்டத்தில் கோடு போட்டு அடித்துவிட்டேன். ஞாயிறு தோறும் கோழிகளை நிறுத்து முடித்ததும் அம்மா தராசில் ஏறுவாள். முதல் வாரம் எண்பத்தொன்று. நாலாவது சார்ட்டாக அதையும் ஆணியில் தொங்கவிட்டேன்.

எடை முதலில் மெல்ல இறங்கியது. பிறகு மளமளவென்று இறங்கியது. அம்மாவுக்கு முதல் மாதம் இரண்டு இட்லி போதுமாக இருந்தது. மூன்றாவது மாதம் ஆறு தின்றும் பசி என்றாள். ஒரு பாட்டில் தண்ணீர் ஐந்தாயிற்று. அடிக்கடி பாத்ரூமுக்கு ஓடினாள். சித்தியிடம் போனில் கேட்டோம். “கொழுப்பு கரைஞ்சு வெளிய போகுதுக்கா, நல்லதுதான்” என்றாள். ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்றால் உடம்பு பழகுகிறது என்றாள். கேட் வரை நடப்பவள் பாதி வழியில் கல்லின் மேல் உட்கார ஆரம்பித்தாள். அதற்கும் சித்தியிடம் ஒரு பதில் இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் அம்மாவைப் பார்த்து, கல்யாணப் பொண்ணாட்டம் ஆயிட்டீங்க என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் சார்ட்டால்தான் அம்மா இளைக்கிறாள் என்று நம்பினேன்.

இரண்டாம் ஷெட்டில் ஒருநாள் முட்டை குறைந்தது. அன்று மாலையே அப்பா கோழி டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார். கோழி டாக்டர் என்றால் மாவட்டம் முழுக்கப் பண்ணை பண்ணையாகப் போகிற கால்நடை டாக்டர். வந்தவர் கோழிகளைப் பார்த்தார், பிறகு தீவன அறையில் நின்று சார்ட்டுகளைப் புரட்டினார். வெயில்தான் காரணம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அப்போது நாலாவது சார்ட் கண்ணில் பட்டது.

“எண்பத்தியொரு கிலோவுல ஒரு கோழியா அம்மிணி?” என்று சிரித்தார்.

“எங்கம்மாங்க” என்றேன்.

அவர் விரலை வைத்து வரிவரியாகக் கீழே வந்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. “தீவனம் கூடுது, தண்ணி கூடுது, எடை மட்டும் எறங்கிட்டே வருது. ஏனுங்க, ஒரு கோழி இப்பிடி இருந்தா நீங்க என்னை எப்பக் கூப்புடுவீங்க?”

“அன்னிக்கேங்க” என்றார் அப்பா.

சொல்லிவிட்டு அந்தக் கடைசி வரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சார்ட்டை ஆணியில் இருந்து உருவிக்கொண்டு, கட்டிய லுங்கியோடு கார் சாவியைத் தேடினார். காரில் அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். “ஊட்டு விஷயத்தைக் கோழி டாக்டருகிட்டக் காட்டோணுமா?” என்றாள். சொல்லும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி வரும் வரைக்கும் நான் குற்றவாளியாகவே உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை. எப்போது வந்ததென்று யாருக்கும் தெரியவில்லை. ஏறிய ஏற்றத்தைப் பார்த்து நர்ஸ் இரண்டாம் முறை ஊசி குத்திச் சரிபார்த்தாள். எங்கள் மூன்று மாத வெற்றியெல்லாம் அதன் வேலை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்திருக்கும், நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னபோது அப்பா என் சார்ட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு ஆறுகிறது. அன்று ஒன்றும் தோன்றவில்லை. சார்ட் மடிந்துபோனதே என்று மட்டும் இருந்தது.

மறுநாள் சித்தி வந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, வெறும் வயித்துல பாவக்காய்ச் சாறு குடிச்சா...” என்று ஆரம்பித்தாள்.

“நீ செத்த சும்மா இரு புள்ள” என்றாள் அம்மா. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஊசி, மாத்திரை, அளவான சாப்பாடு என்று ஆயிற்று. அளவான சோறும் உண்டு, மஞ்சக்கருவோடு முட்டையும் உண்டு. நாய்தான் பாவம், ஏமாந்துபோயிற்று. நான் புதிய சார்ட் ஒன்று போட்டேன். தண்ணீர் குறைந்தது, பசி அடங்கியது. முதல் ஞாயிறு எடை அறுபத்தாறிலேயே நின்றது. இரண்டாம் ஞாயிறும் அதேதான்.

மூன்றாம் ஞாயிறு அம்மா தராசில் ஏறினாள். அறுபத்தெட்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதம் பாடுபட்டு இறக்கியது மறுபடி ஏறுகிறது. அப்பாவுக்குத் தெரியாமல் அறுபத்தாறு என்றே எழுதிவிடலாமா என்று நான் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினேன். அதற்குள் அப்பா எட்டிப் பார்த்துவிட்டார். “ஏறிடுச்சு புள்ள” என்றார் அம்மாவிடம். தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அம்மா குண்டாவதற்காக ஒரு மனிதர் இப்படியா அழுவார் என்று எனக்குப் பரிதாபமாகிவிட்டது. பக்கத்தில் போய், “விடுங்கப்பா, அடுத்த வாரம் எறக்கிப்புடலாம்” என்று தேற்றினேன்.

துண்டை எடுத்தபோது அப்பா கண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தார். தராசில் நின்றபடி அம்மாவும் சிரித்தாள். இருவரும் விடாமல் சிரித்தார்கள். கஷ்டப்பட்டு எழுதி வைத்த எனக்கு இருந்த அக்கறை இவர்களுக்கு இல்லையே என்று கோபம் வந்தது. சார்ட்டில் அறுபத்தெட்டு என்று அழுத்தி எழுதிவிட்டு, இருவரிடமும் பேசாமல் வெளியே போய்விட்டேன்.