டன்மோர் ஐயாவுக்கு யார் வாசிப்பது?

செவ்வாய்க்கிழமை மதியம் ஷார்ஜாவின் ரோலாவில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகக் கடைக்குப் போன் வந்தது. ராஸ் அல் கைமாவிலிருந்து செல்வராஜ். அங்கே டைல்ஸ் தொழிற்சாலையில் சூளை வேலை, வெள்ளிக்கிழமை கோயிலில் பாடும் நம் தமிழ் கொயரில் பாஸ் எனும் அடிக்குரல். "அண்ணே, டன்மோர் ஐயா தவறிட்டாவளாம். வாட்ச்மேன் கதவத் தட்டிப் பாத்திருக்கான். நாற்காலில உக்காந்த மேனிக்கே போயிட்டாவ" என்றான். பிறகு அவன் கேட்டான்: "வெள்ளிக்கிழமை அவியளுக்கு யாருண்ணே வாசிப்பா?" அந்த வாரம் முழுக்க அந்தக் கேள்வி என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

லெனார்ட் டன்மோரை அறிந்தவர்களுக்கு அதன் பாரம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே நம் ஆள் ஒருவன் இறந்தால் அடக்க ஆராதனை என்று எதுவும் கிடையாது. கஃபீலின், அதாவது விசா கொடுத்த முதலாளியின் கையெழுத்து, தூதரகத்துக் காகிதம், பிணவறை, பிறகு பெட்டி விமானம் ஏறிவிடும். கூடப் படுத்து எழுந்தவர்கள் டியூட்டிக்குப் போய்விடுவார்கள். அழுவதற்குக்கூட ஓர் இடம் இருக்காது.

வளைகுடாப் போர் முடிந்த மறு வருடம் கல்குவாரியில் நம் ஆள் தங்கையா இறந்தான். ஷார்ஜாவின் கிறிஸ்தவக் கோயிலில் ஆராதனை முடிந்ததும், அங்கே ஆர்கன் வாசிக்கும் வெள்ளைக்காரரான டன்மோர் எழுந்து வந்து, தங்கையாவோடு தங்கியிருந்த ரூம்காரனைக் கூப்பிட்டார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். "அவர் நல்லவர் என்று சொல்லாதீர்கள், எல்லோரும் நல்லவர்கள்தான். அவர் என்ன சத்தம் எழுப்புவார்?" இந்தக் கிழவருக்கு வேறு வேலை இல்லையா என்று எனக்குள் முணுமுணுத்துக்கொண்டேன். ரூம்காரன் யோசித்துச் சொன்னான்: "நைட் டியூட்டி முடிச்சு வரும்போது, தூங்குதவன் பயந்துரக் கூடாதுன்னு வாசல்ல நின்னு சின்னதா ஒரு விசில் அடிப்பான் சார்." அதை அடித்துக் காட்டச் சொன்னார். மறு வாரம் அந்த விசில் ஆர்கனில் ஒரு சிறு இசையாக வந்தது. பாதியிலேயே ரூம்காரன் எழுந்துபோய்க் கோயில் கதவைத் திறந்து வெளியே பார்த்தான். நானும் திரும்பிப் பார்த்தேன். வெளியே வெயில் மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. நம்மில் யார் பெட்டியில் ஊருக்குப் போனாலும் அந்த வெள்ளிக்கிழமை அவனுக்கென்று ஓர் இசை உண்டு.

டன்மோர் வட இங்கிலாந்தில் ஓர் ஆலைத் தொழில் நகரத்தில் பிறந்தவர். அவர் எழுதிய கோயில் இசைகளில் சில அச்சில் வந்தவை. மனைவி இங்கே பள்ளி ஆசிரியையாக வந்தபோது கூடவே வந்தார். அந்த அம்மா இறந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. ஏன் இசையமைக்க வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். இரண்டாம் உலகப் போரில் அவர் வாசித்துப் பழகிய கோயிலின் மேல் குண்டு விழுந்ததாம். தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, சூடான காற்று ஏறி ஆர்கன் குழாய்கள் தாமாகவே ஒலித்தனவாம். "உள்ளே யாருமே இல்லை. ஆனால் வாசித்துக்கொண்டிருந்தார்கள்" என்றார். அதன்பின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தமிழில் அவருக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம். "சத்தம் போடாதே, பாடு." வாராவாரம் அதை எங்களிடம் பிரயோகிப்பார். அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது செல்வராஜ்தான்.

அந்தச் செல்வராஜை வைத்தே ஒரு பெரிய தவறும் நடந்தது. தொழிலாளர் தங்கும் கேம்பில் ஊர்ப்பெயரையோ வேலைப்பெயரையோ சேர்த்துத்தான் ஆளைச் சொல்வார்கள். ஆனால் அன்று வந்த செய்தி வெறுமனே "செல்வராஜ் போயிட்டான்" என்பது. எங்கள் செல்வராஜ் ஷிஃப்ட் மாறி சில வாரமாகக் கோயிலுக்கு வராமல் இருந்தான். எல்லோரும் அவன்தான் என்று நம்பி அழுதோம். பாடுமுன் அவன் தொண்டையைச் செருமுவதை டன்மோர் இசையாக்கினார். அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது, தாமதமாக வந்த வேனிலிருந்து இறங்கி உள்ளே வந்தான் செல்வராஜ். "யாருக்குண்ணே வாசிக்காவ?" என்று என் காதில் கேட்டான். தன் செருமலே அந்த இசையில் வந்ததும் அவனுக்கே புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்தான்.

"என் சாவு இங்ஙனதான் எங்கயோ உக்காந்திருக்குண்ணே" என்று அதன்பின் பலமுறை சொல்லியிருக்கிறான். அந்த இசை எழுதிய காகிதத்தைக் கிழித்துவிடும்படி டன்மோரிடம் கெஞ்சினான். அவன் கண்முன்னே கிழித்தார். "காகிதம் சுலபம். கேட்டவர்களின் காதை நான் என்ன செய்வது?" என்றார்.

இறந்தவன் அதே கேம்பில் இருந்த அரியலூர்ச் செல்வராஜ். கோயிலுக்கு வருகிறவன் இல்லை. ஆனாலும் டன்மோர் எங்களோடு பிக்கப்பில் கேம்புக்கே வந்து விசாரித்தார். "அவன் இருக்குறதே தெரியாதுங்க சார். சத்தமே கெடையாது" என்றார்கள். மறு வெள்ளிக்கிழமை அவர் ஆர்கன்முன் அமர்ந்து, கட்டைகளுக்கு மேலே கைகளை உயர்த்தி, தொடாமல் அப்படியே வைத்திருந்தார். ஏ.சி. இரைச்சல் மட்டும் கேட்டது. அந்த வெறுமையில் யாரோ வந்து உட்கார்ந்தது போலிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

இப்போது அவருடைய முறை. இங்கிலாந்தில் இருக்கும் மருமகன் கேட்டுக்கொண்டபடி அவர் உடலும் வியாழக்கிழமை பெட்டியில் விமானம் ஏறியது. வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும், புஜைராவில் நர்ஸாக இருக்கும் மெர்சி ஆர்கன்முன் அமர்ந்தாள். அவர் எழுப்பும் சத்தம் எது என்று ஒருவரையொருவர் கேட்டோம். பெடலில் ஷூ தேய்வது என்றார் ஒருவர். கண்ணாடிக் கூட்டை மூடுவது என்றார் இன்னொருவர். மெர்சி ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தாள். "இது அவரு இல்லண்ணே" என்று கையை எடுத்துவிட்டாள். எப்போதும் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த மனிதரை நாங்கள் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. "எல்லாருக்கும் வாசிச்சவருக்கு ஒண்ணுமே இல்லாமப் போயிருமா?" என்று மெர்சி அழுதாள்.

வேறு வழியின்றி, வழக்கமான பாட்டைப் பாடி முடித்துக்கொள்வோம் என்றேன். எல்லோரும் எழுந்து நின்றோம். மெர்சி கட்டைகளில் விரல்களை வைத்தாள்.

யாரும் சைகை காட்டவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தோம். மூக்கு வழியாக, சட்டென்று, கடைசியில் ஒரு சின்ன விக்கலோடு. அப்படி மூச்சு இழுக்கிறவர் டன்மோர் ஒருவர்தான். இத்தனை வருடமும் ஒவ்வொரு பாட்டையும் அந்த மூச்சைப் பிடித்துத்தான் தொடங்கியிருக்கிறோம். அதை ஒரு சத்தம் என்று எண்ணியதே இல்லை. மெர்சியின் விரல்கள் அசையவில்லை. ஒருவரும் பாடவில்லை. செல்வராஜ் என் கையை இறுகப் பிடித்து, "அண்ணே, இருக்காவ" என்றான். இழுத்த மூச்சை மெல்ல விட்டோம். டன்மோர் ஐயாவுக்கு அன்று வாசிக்கப்பட்டது அவ்வளவுதான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பதும் அந்த மூச்சே. கடையில் யாராவது வந்து ஏதாவது கேட்டால், பதில் சொல்லுமுன் என் நெஞ்சு தானாக அப்படி இழுக்கிறது. பிறகு எனக்குப் பேச வருவதில்லை. அவர் வாசிக்கத் தொடங்கட்டும் என்று நிற்கிறேன்.